ஒட்டு முடிச்சு

தங்கையின் கூடையைச் சந்தையில் பார்த்ததுமே தோட்டக்காரருக்குப் பகீரென்றது. மஞ்சள் தோலில் தீற்றிவிட்ட சிவப்புக் கோடுகள், காம்படியில் துருப் பிடித்தாற்போல் பழுப்பு. ஒன்றை எடுத்துக் கடித்தார். முதலில் தேன், பிறகு நாக்கோரம் லேசான புளிப்பு. சந்தேகமே இல்லை, அவருடைய ஆப்பிளேதான்.

தன் வேலியோரம் தானாக முளைத்த அதிசயம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த ரகம் அது. மறுநாள் தோட்டக்கலை அதிகாரி வந்து, மூல மரம் இவருடையது என்று பதிவு செய்யப்போகிறார். பழத்துக்கு இவர் பெயரையே வைப்பார்களாம். இந்த நேரத்தில் அவளுக்கு ஏது இந்தப் பழம்? ஆப்பிளை விதை போட்டு வளர்த்தால் வேறேதோ காய்க்கும். அச்சு அசலாக அதே பழம் வேண்டுமென்றால் குச்சி வெட்டி ஒட்டுப் போட்டே ஆகவேண்டும். அப்படியானால் திருடித்தானே இருக்கிறாள்! பாகப்பிரிவினையோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம், அதற்காக இப்படியா? திருட்டுப் பழம் என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டு வந்தார். தங்கை குனிந்து பழங்களை அடுக்கத் தொடங்கினாள். குற்றமுள்ள நெஞ்சு வேறென்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் திரும்புவதற்குள் ஆதாரம் வேண்டும். மண்வெட்டியோடு வேலி தாண்டிப் பக்கத்திலிருந்த அவள் தோட்டத்துக்குள் இறங்கினார். ஒட்டுப் போட்ட மரத்தின் அடியில் முடிச்சு ஒன்று வீங்கியிருக்கும், ஆயுசுக்கும் மறையாது. வேர்வரை தோண்டினார். மரம் வழவழவென்று இறங்கியது. சுற்றிச் சுற்றித் தடவினார். முடிச்சே இல்லை. விதையிலிருந்து முளைத்த மரம்!

அப்படியானால் தன் மரம்? ஓடிவந்து தன் மரத்தடியைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் முஷ்டி அளவு முடிச்சு.

மனைவி வந்து குழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இவளுக்கும் இது தெரியுமா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வேலை இது என்று அதட்டினார்.

"வேலியோரம் நின்ன கன்னுல நான்தான் ஒட்டி, முடிச்சை மண்ணால மூடினேன். குச்சி வெட்டிக் கொடுத்தது உங்க தங்கச்சி. நம்ம மரமெல்லாம் பட்டுப்போன வருஷம், வேலிக்கு மேல நீட்டினா. 'அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி, தெரிஞ்சா பிடுங்கி எறிஞ்சிடுவாரு'ன்னா."

அவர் குழியருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.  சந்தையில் சொன்னதை நினைத்த வெட்கத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் அதிகாரி படிவத்தை விரித்து, மூல மரம் இதுதானே என்று கேட்டார். குழியை மூடியாகிவிட்டது. ஆமாம் என்றால் முடிந்தது காரியம்.

"இல்லீங்க, இது ஒட்டு. மூல மரம் என் தங்கச்சியோடது. வாங்க, காட்டுறேன்."

அவள் வீட்டு வாசல்வரை விறுவிறுவென்று நடந்தார். அங்கே போனதும் கை எழவில்லை. அதிகாரிதான் கதவைத் தட்டினார்.