கீறல் ரெக்கார்டு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்கு வாழைத்தோட்டத்தில் வேலை என்றுதான் சொன்னார்கள். ரேடியோ செட்டும் வைத்திருக்கிறார் என்று ஒருத்தரும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். கல்யாணமாகி வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் உட்கார இடமில்லை. கட்டிலில் ஆம்ப்ளிபயர், கட்டிலுக்கு அடியில் ஒலிபெருக்கிக் குழாய்கள், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டி. நான் எங்கே இருக்க என்று கேட்டதற்கு, "ஆவுடை, பைய பாத்து இரு, ஊசி கெடக்கும்" என்றார். புதுப் பெண்டாட்டியிடம் மனுஷன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மந்திரமூர்த்தி என்று பெயர். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றுக்கு இக்கரையில் எங்கள் ஊர். விடியுமுன் வாழைத்தார் வெட்டி, லாரி வரை சுமந்து ஏற்றிவிட்டு, குளித்த ஈரம் காயுமுன்னே குழாய்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதையும் விடமாட்டார். கூட்டாளி மதார். மரமேறிக் குழாய் கட்டுவது மதார், பாட்டுப் போடுவது இவர்.

பாட்டென்றால் அப்படி ஒரு பித்து. தோளில் தார் இருக்கும்போதும் வாய் எதையாவது இழுத்துக்கொண்டிருக்கும். மகள் மதுமதி தொட்டிலில் கிடந்தபோது தாலாட்டுக்குப் பதில் நாகஸ்வரத்தை வாயாலேயே வாசிப்பார். "பிள்ள தூங்கணுமா, மாப்பிள்ள அழைப்புக்குப் போணுமா?" என்று கேட்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு மேல் எனக்குச் சண்டை போட வராது.

விசேஷ வீட்டில் மட்டும் கை நனைக்க மாட்டார். எவ்வளவு பெரிய இடமானாலும், "வயித்துக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துதான் சாப்பாடு. வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. நானும் மகளும் கூட உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு ஏற்பாடும் வைத்திருந்தார். எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு நாகஸ்வர ரெக்கார்டு போடுவார். பஸ்ஸிலிருந்து விழுந்து கீறல் பட்ட தட்டு. ஓரிடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு மூன்று தடவை தத்திவிட்டு அப்புறம்தான் நகரும். ஊரெல்லாம் கேசட்டுக்கு மாறிய பிறகும் அதை அவர் விடவில்லை. அக்கரையில் எத்தனை செட் பாடினாலும், அந்தத் தத்தலைக் கேட்டால் எங்கள் ஆள் கிளம்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். உடனே உலை வைப்பேன். மதுமதி செம்பில் தண்ணீர் கோரி, அப்பா கால் கழுவ வாசலில் வைப்பாள். நான் சோற்றை வடித்து இறக்கவும் சைக்கிள் மணி அடிக்கவும் சரியாக இருக்கும்.

தொண்ணூற்று இரண்டு ஆவணியில் அக்கரையில் ஒரு கல்யாணம். நான் ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வெயில் உச்சிக்குக்கூட வரவில்லை, தத்தல் கேட்டது. "பந்தி முடியும் முன்னால பெட்டியக் கட்டிட்டாவளா? இந்த மனுசனுக்கு என்ன வந்துது?" என்று வைதுகொண்டே ஈரத்துணியோடு ஓடிப்போய் உலை வைத்தேன். சோறு வடித்தேன். சோறு ஆறியது. சைக்கிள் வரவில்லை. பாலத்தில் பாதி தூரம் வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால், அந்த ரெக்கார்டு மேல். அது தத்தினால் அவர் வந்துவிடுவார் என்றுதானே பேச்சு? பொய் சொல்லிவிட்டதே, பாவி!

"இனிமே அது என் காதுல விழக்கூடாது. விழுந்துது, ஆத்துல தூக்கிப் போட்டுருவேன்" என்று மதாரிடம் சொன்னேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணும் சொல்லாண்டாம், போங்க" என்று கதவைச் சாத்தினேன். அதன் பிறகு செட்டை மதார்தான் நடத்தினார். அந்தத் தட்டை மட்டும் என் காது கேட்க அவர் போட்டதில்லை.

தொண்ணூற்றெட்டில் மதுமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சாத்தான்குளம். எங்கள் வாசலிலேயே பந்தல் போட்டோம். செட்டு மதாருடையதுதான், வேறு யாரைக் கூப்பிட? பந்தியெல்லாம் முடிந்து, பெண்ணை அழைத்துப் போக வேன் வந்து நின்றது. மதுமதி கூறைச்சேலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, அப்பா ரெக்கார்டப் போடச் சொல்லும்மா. அதக் கேக்காம நான் எப்படிப் போவேன்?"

"ஏட்டி, நல்ல நாள்ல அந்தப் பேச்ச எடுக்காத."

"ஒரே ஒரு தடவம்மா."

திரும்பினால் மதார் நிற்கிறார். கையில் துண்டில் சுற்றிய தட்டு. கொண்டுவந்தே விட்டார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரக் கேட்டு இத எடுத்துட்டு வந்திய?"

"யாரையும் கேக்கல மைனி. வேண்டாம்னா கொண்டு போயிருதேன். ஆனா அன்னைக்கு நீங்க சொல்ல விடாதத இன்னைக்குச் சொல்லிருதேன்" என்றார். மகள் என் கையை விடவில்லை.

"அன்னைக்கு அங்கன கல்யாணம் முடியல மைனி. முதப் பந்திதான் உக்காந்திருந்துது. அண்ணாச்சிக்கு வேத்து ஊத்துச்சு. டாக்டர்ட்டப் போவோம்னேன். 'இல்லலே, நான் வீட்டுக்குப் போணும், ஆவுடைட்டச் சொல்லிருதேன்'னாவ. அவியளே அந்தத் தட்ட எடுத்து வச்சாவ. பந்தி நடக்கையில இதப் போடுதானேன்னு கல்யாண வீட்டுக்காரர் சத்தம் போட்டாரு. காதுலயே வாங்கல. அது தத்தித் தீருத வர நின்னு கேட்டுட்டுத்தான் சைக்கிள எடுத்தாவ."

உச்சிக்கு முன்னாலேயே கேட்டதே! அது பொய் சொல்லவில்லை. வாரேன் என்றுதான் சொல்லியிருக்கிறது. சொன்னபடி பாதிப் பாலம் வரைக்கும் வந்தும்விட்டார் என் ராசா. அத்தனை வருஷம் அழாத அழுகையெல்லாம் எனக்கு அங்கே வந்தது.

"போய்ப் போடுங்க" என்றேன் மதாரிடம்.

நாகஸ்வரம் கிளம்பியது. தத்தியது ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. நான் அடுப்படியில் நிற்கிறேன் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது. பின்கட்டில் அண்டா நிறையக் கல்யாணச் சோறு கிடக்கிறது. நான் சின்னப் பானையில் உலை வைத்து விறகைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் கிறுக்கி என்பார்கள். வெட்கமாகப் போயிற்று. மெல்ல வெளியே எட்டிப் பார்த்தேன்.

வாசலில், கூறைச்சேலை மண்ணில் புரள, மதுமதி குனிந்து தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தாள். "எல்லாரும் வேன்ல ஏறியாச்சே. இது யாருக்குத் தாயி தண்ணி?"

"எங்கப்பா வாராவ அத்தை" என்றாள் மதுமதி.

அந்த அம்மாள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த விறகைக் கீழே போடவில்லை.

"கொஞ்சம் பொறுங்க மைனி" என்றேன். "உலை வச்சிருக்கேன்."