ரெப்போ ஏரியில் விழுந்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டு வழியாக ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவோம். டிசம்பர் தொடக்கம். ஏரி அப்போதுதான் உறைய ஆரம்பித்திருந்தது. நான், என் கணவன் இல்போ, மகள் தைமி, முன்னால் ஓடும் எங்கள் நாய் ரெப்போ.

கரையை நெருங்கியபோது புதரிலிருந்து ஒரு முயல் கிளம்பியது. ரெப்போ அதைத் துரத்திக்கொண்டு ஏரிமேல் பாய்ந்தது. ஒரு கல்லெறி தூரம்கூடப் போயிருக்காது. பனிக்கட்டி உடைந்து ரெப்போ உள்ளே போய்விட்டது. தலை மட்டும் மேலே வந்தது. முன்னங்கால்களை எங்கள் பக்கத்து விளிம்பில் போட்டு ஏறப் பார்த்தது. வழுக்கியது. மறுபடி போட்டது.

இல்போ பையை வீசிவிட்டு ஓடினான். நான் பின்னாலிருந்து அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்தோம். அவன் எழுவதற்குள் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"விடு, சாய்லா."

"மாட்டேன். அதையே தாங்காத ஐஸ் உன்னைத் தாங்குமா?"

"செத்துரும் அது. படுத்துக்கிட்டே போறேன், விடு."

முழங்கையால் என் விலாவில் இடித்தான். நான் இறங்கவில்லை.

"அம்மா, அப்பாவை விடும்மா" என்று தைமி அழுதாள்.

கூப்பிட்டாலும் தீயணைப்பு வண்டி டவுனிலிருந்துதான் வர வேண்டும். அதுவரை ரெப்போ தாங்காது. அப்போதுதான் இடப்பக்கம் நாணல் ஓரத்தைக் கவனித்தேன். ஓடை வந்து ஏரியில் விழும் இடம் அது. நீரோட்டத்தால் பனிக்கட்டி காகிதம் போலத்தான் இருக்கும். தண்ணீரும் முழங்கால் அளவுதான். அந்தப் பக்கம் திரும்பினால் ரெப்போ தானே உடைத்துக்கொண்டு வந்துவிடும்.

"தைமி, அழுகையை நிறுத்து. ஓடை முனைக்கு ஓடு. கரையை விட்டு இறங்காம அங்கிருந்து ரெப்போவைக் கூப்பிடு."

அவள் ஓடினாள். கூப்பிட்டாள். ரெப்போ எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்க போடா" என்று இல்போ முனகினான்.

"பேசாதே. உன் குரல் கேட்டா இங்கயேதான் நிக்கும்."

அவன் முகத்தைப் பனியில் புதைத்துக்கொண்டான். தைமியின் குரல் கம்மிப்போகும் நேரத்தில் ரெப்போ திரும்பியது. மெல்லிய பனிக்கட்டியை மார்பால் உடைத்து உடைத்து நீந்தியது. நடுவில் ஒருமுறை தலை காணாமல் போனது. மேலே வந்தபோது அதன் கால் தரையில் பட்டிருந்தது.

நான் முதுகிலிருந்து இறங்கியதும் இல்போ ஓடிப்போய் அதைக் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தான். வழியெல்லாம் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சமையலறைத் தரையில் மூவரும் துண்டுகளால் ரெப்போவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தைமி கேட்டாள்:

"நான் விழுந்திருந்தா அப்பாவைப் போக விட்டிருப்பியா?"

"நானே போயிருப்பேன்."

"அப்ப உன் முதுகுல யாரு உக்காருவாங்க? அப்பாவா?"

நான் ரெப்போவின் காதைத் துடைத்தேன். இல்போதான் தலை நிமிராமல் சொன்னான்: "நான் உக்காந்திருக்க மாட்டேன். பின்னாடியே வந்திருப்பேன்."

பிறகு என் பக்கமாக ஒரு காய்ந்த துண்டைத் தள்ளினான். "உன் கையும் நனைஞ்சிருக்கு, தொடச்சுக்க."