கறையா, புள்ளியா

இது சாயக்கறையாக இருக்கட்டும். புள்ளி வேண்டாம், வெறும் கறையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நினைத்த மறுகணமே அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். பதினோரு வருடமாக இந்த ஆய்வகத்தில் எலிகளின் ஈரலை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கணையத்திலிருந்து புற்று வந்து இறங்கிய புள்ளிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் எந்தப் புள்ளியிடமும் கெஞ்சியதில்லை.

எந்த எலிக்கு மருந்து போனது, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் போனது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது. அதற்காகவே ஒவ்வொரு கண்ணாடித் தகட்டின் குறிப்பின்மீதும் ஓர் ஒட்டுத்தாள். இந்தக் கடைசிப் பெட்டியின் தாள்களைத்தான் காலையில் அவள் நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஒட்டி வைத்திருந்தாள். நுண்ணோக்கியின் அடியில் இப்போது இருந்தது மருந்து போன எலியின் தகடு.

எல்லாம் அக்கா பேசியதன் வினை. அக்காவின் கணையத்தில் இருந்தது ஈரலுக்கும் போய்விட்டதாக நேற்றுத்தான் மருத்துவர் சொல்லியிருந்தார். காலையில், பேருந்தில் வரும்போதே அழைப்பு.

"ஏண்டி, வெளியில இருந்து வந்த கிருமின்னாகூட மனசு ஆறும். என் உடம்பே கதவைத் திறந்துவிட்டுச்சுன்னு சொல்றியே, இது என்ன கூத்து?"

"உடம்புக்கு என்னக்கா தெரியும்? புண்ணு ஆறுறதுக்காகச் செல்லைச் சுத்தி இருக்கிற வலையை வெட்டிவிடற நொதி நம்மகிட்டயே இருக்கு. கட்டி அதை ஏவி, தனக்கு வழி போட்டுக்குது."

"வீட்டு வேலைக்காரனையே விலைக்கு வாங்கிட்டானா? சரி, உங்க மருந்து?"

"அந்தக் கத்தரியை மழுங்கடிக்குமான்னு பாக்கறோம். எலியிலதான்."

"என்னையும் ஒரு கூண்டுல போட்டுக்கோ. நானும் மூணு மாசமா கொறிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

சிரித்தாள் அக்கா. பாதிச் சிரிப்பிலேயே மூச்சு வாங்கியது.

எலியைத் தாண்டி மருந்து மனிதருக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அக்காவுக்கு இருப்பது மாதக் கணக்கு. எல்லாம் தெரிந்தும்தான் விரல் தாளைக் கிளப்பியது. அறிவு ஒரு பக்கம் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்க, கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு தலைமை ஆய்வாளர் வந்தார். கழுத்தில் மூக்குக்கண்ணாடி ஆடியது.

"முடிஞ்சுதாம்மா? இது ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு அறிக்கை போயாகணும்."

"நான் இதை எண்ணக்கூடாது மேடம். வேற யாராவது எண்ணட்டும்."

"ஏன், கண்ணு வலிக்குதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். நல்ல வழி, அவரே போட்டுக்கொடுத்த வழி.

"இல்ல. தாளைப் பிரிச்சுப் பாத்துட்டேன்."

அவர் திரும்பிக் கதவைச் சாத்தினார். பக்கத்து முக்காலியை இழுத்து உட்கார்ந்தபோது குரல் தணிந்திருந்தது.

"அக்காவுக்காகவா?"

அவள் தலையசைத்தாள்.

"திரும்ப ஒட்டிட்டீங்கல்ல? அப்புறம் என்ன? உங்க கண்ணைவிட எனக்கு நம்பிக்கையான கண்ணு இங்க கிடையாது. புதுசா ஒருத்தரைப் பழக்கி எண்ண வைக்க மூணு வாரமாகும். நமக்குள்ள இருக்கட்டும். எண்ணிடுங்க."

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். ஊதா நிறத்தில், ஓரம் கலைந்து, அது அங்கேயே இருந்தது. நேற்றாக இருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பாள். இன்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கறையா, புள்ளியா என்று பிடிபடவில்லை. நம்பிக்கையான கண் என்கிறார். அந்தக் கண்ணுக்கு இப்போது ஓர் அக்கா இருக்கிறாள்.

தகட்டை எடுத்துப் பெட்டியில் அதன் இடத்தில் செருகினாள். நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். பெட்டியை அவர் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"இல்ல மேடம்," என்றாள். "நான் எண்ணல."