லேமினேட் செய்த தீர்மானம்

அண்ணன் எதையும் சும்மா சொல்லமாட்டார், அறிவிப்பார். மழை வந்தால் நாமெல்லாம் துணி எடுக்க மாடிக்கு ஓடுவோம். அவர் ஜன்னலருகே போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, மழை பெய்ய ஒப்புதல் வழங்குவார். முப்பத்தோரு வருடம் ஏதோ ஓர் இலாகாவில் இருந்து துணை இயக்குநராக ஓய்வு பெற்றவர். இலாகா அவரை விட்டுவிட்டது. அவர்தான் இலாகாவை விடவில்லை. கோப்புகள் கைவிட்டுப் போனபின் சொந்தபந்தங்களை எடுத்து வைத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்படிப்பட்டவர், "ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, எல்லாரும் அருவிக்குப் போய்ப் பேசலாம்" என்று போனில் சொன்னபோதே குட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

குட்டிக்கு நாற்பத்தெட்டு வயது. கடைசித் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனவே குடும்பத்தின் கணக்கில் இன்னும் குட்டிதான். வெளியில் அவள் ‘மிஸ்’. பத்தொன்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே கார், ஒரே ஆசிரியை. முதலாளியும் அவள்தான், ராத்திரி காரைக் கழுவுகிறவளும் அவள்தான். அந்த ஊரில் காரைச் சுவரில் இடிக்காமல் ரிவர்ஸ் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்.

ஆறு மாதமாக அண்ணிக்கு முட்டிவலி. அன்றிலிருந்து அண்ணன் வாரத்துக்கு ஒரு முறையாவது, "மாடி ரூம் சும்மாதானே கிடக்கு" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி பேச்சை மாற்றிவிடுவாள். அந்த வாக்கியத்துக்குள் ஒரு சமையலறையும், மருந்து டப்பாவும், ஆயுள் முழுவதற்குமான வேலையும் மடித்து வைக்கப்பட்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

அண்ணன், அண்ணி, சின்ன அண்ணன், குட்டி நால்வருக்கும் பயணம் குட்டியின் காரில்தான். அண்ணனிடம் பெரிய கார் உண்டு. கீறல் விழும் என்பதால் வெளியே எடுக்கமாட்டார். ஆனால் ஒரு முன்னாள் துணை இயக்குநர் டிரைவிங் ஸ்கூல் பலகையைத் தலையில் சுமந்து போவதா? கார் கூரையிலிருந்த பலகையின் மேல் பழைய போர்வையைச் சுற்றிக் கயிற்றால் கட்டச் சொன்னார். நோயாளியைக் கூரைமேல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போலிருந்தது.

"சாவியக் குடு குட்டி. குடும்பமா போறப்ப பெரியவங்கதான் ஓட்டணும்."

"அண்ணன் சொன்னா சரிதான்" என்றார் சின்ன அண்ணன். அவருடைய உத்தியோகமே அதுதான்.

குட்டி பக்கத்திலிருந்த ஆசிரியை சீட்டில், அதாவது தினமும் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள். பயிற்சிக் கார் ஆகையால் அந்தப் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. முதல் வளைவிலேயே அண்ணன் மூன்றாவது கியரிலேயே வண்டியைத் திருப்ப முயன்றார். குட்டியின் கால் தானாகக் கீழே போனது. கார் பவ்யமாக வேகம் குறைத்துத் திரும்பியது. மலைப்பாதையில் எதிரே லாரி வந்தபோது அவர் ஹாரனை அழுத்தினார். அவள் பிரேக்கை அழுத்தினாள். லாரிக்காரன் ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

"பாத்தியா, எப்படி நின்னுச்சு! இதுக்குப் பேர்தான் அனுபவம்" என்றார் அண்ணன்.

"பிரேக் வெண்ணெய் மாதிரில்ல போடறார்!" என்றார் பின்சீட்டிலிருந்த சின்ன அண்ணன்.

பக்கத்தில் இருந்த அண்ணி முன்சீட்டுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று மணி நேரம் இந்தக் கூட்டு முயற்சி நடந்தது. கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், கண்ணாடி ஏற்றியிருந்தும், அருவியின் இரைச்சல் காருக்குள் வந்துவிட்டது. இறங்கும்போது குட்டியின் கெண்டைக்கால் கல்லாகியிருந்தது. அண்ணன் தன் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "ஓட்டறது ஒரு தவம்" என்றார்.

டிக்கெட் கொடுக்கிற கூண்டிலிருந்து கீழ் மேடைக்கு இருநூற்றுப் பதினான்கு படிகள். அண்ணி முட்டியைத் தடவிக்கொண்டு மேலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற மூவரும் இறங்கினார்கள்.

பாதிப் படியிலேயே பேச்சு நின்றுவிட்டது. அடுத்தவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. கீழ் மேடைக்கு வந்ததும் அதுவும் சந்தேகம். இரும்புக் கைப்பிடி நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தால் பல் வரை அதிர்ந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு தண்ணீர், யார் பேரிலோ தீராத கோபம் போல, பாறைமேல் வந்து மோதிப் புகையாகிக்கொண்டிருந்தது.

அண்ணன் தோள்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். தட்டச்சு செய்து லேமினேட் செய்யப்பட்டிருந்தது. அருவி என்றால் தண்ணீர் தெறிக்கும். தண்ணீர் தெறித்தால் காகிதம் நனையும். ஆகவே முந்தின நாளே கடைக்குப் போய் நின்று லேமினேட் போட்டு வாங்கியிருக்கிறார். ஈரத்தை அவ்வளவு தூரம் யோசித்த மூளைக்கு, அருவிக்குச் சத்தமும் உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை.

படித்தார். முழுதாகப் படித்தார். ஓய்வுபெற்ற நாளன்று பேசியதைப் போலவே, கைதட்டல் வரவேண்டிய இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஓர் எழுத்துக்கூட யார் காதிலும் விழவில்லை. சின்ன அண்ணன் மட்டும் போனை உயர்த்திப் படம் பிடித்தபடியே, வழக்கம் தவறாமல், தலையாட்டினார்.

படித்து முடித்துவிட்டு அட்டையைக் குட்டியிடம் நீட்டினார். அவள் தண்ணீரைத் துடைத்துவிட்டு வாசித்தாள்.

‘1. குட்டி நடத்திவரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இம்மாத இறுதியுடன் மூடப்படும். 2. மேற்படியார் அண்ணன் இல்லத்து மாடி அறையில் குடியேறி, அண்ணியாரின் முழங்கால் நலனையும் இல்லப் பராமரிப்பையும் கவனித்துக்கொள்வார். 3. மேற்படி வாகனம் குடும்பப் பொதுப் பயன்பாட்டுக்காக அண்ணனின் பொறுப்பில் வைக்கப்படும்.’

லேமினேஷன் நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

"முடியாது!" என்று கத்தினாள் குட்டி.

அண்ணன் காதருகே கையை வைத்தார்.

"முடியாது! மூட மாட்டேன்! வர மாட்டேன்! குடுக்க மாட்டேன்!" இரண்டு கையையும் மேலே தூக்கி, பாதங்களை ஓங்கி ஓங்கி வைத்து, தொண்டை கிழியக் கத்தினாள். வாய்க்குள் தண்ணீர் போனது. துப்பிவிட்டு மறுபடி கத்தினாள். பத்தொன்பது வருடத்தில் எந்த மாணவனையும் அப்படித் திட்டியதில்லை. உடம்பெல்லாம் நனைந்து, கூந்தல் அவிழ்ந்து, கடைசியில் மூச்சிரைக்க நின்றபோது நெஞ்சுக்குள் லேசாக இருந்தது.

அண்ணன் திருப்தியாகத் தலையசைத்தார். தோளில் தட்டிக் கொடுத்தார்! சின்ன அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மேலே வந்து, டிக்கெட் கூண்டருகே சிக்னல் கிடைத்ததும் விஷயம் புரிந்தது. சின்ன அண்ணனின் போன் விடாமல் மணியடித்துக்கொண்டிருந்தது. வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டிருந்தார். அதில் இருப்பவர்கள் இருபத்தேழு பேர். மேலே எழுதியிருந்தது: ‘தீர்மானத்தை குட்டி ஏத்துக்கிட்டா! சந்தோஷத்துல குதிக்கிறதைப் பாருங்க.’ வீடியோவில் அருவி இரைந்தது. ஒரு பெண் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

வாழ்த்துகள் வந்து குவிந்தன. கும்பிடும் கைகள், பூங்கொத்துகள். ‘இனிமேலாவது குட்டிக்கு நிம்மதி’ என்று ஒரு சித்தப்பா. ‘அந்தக் காரை என் பையன் ஓட்டிப் பழகட்டும், சொல்லிவைங்க’ என்று ஓர் அத்தை மகன்.

குட்டி அந்தப் போனையே பார்த்தாள். கீழே கத்தியது சுலபமாக இருந்தது. ஒரு மலையளவு தண்ணீர் பின்னாலிருந்து கத்தும்போது யார்தான் கத்தமாட்டார்கள்? இங்கே இரைச்சல் அடங்கியிருந்தது. பெஞ்சில் அண்ணி பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. இங்கே சாதாரணக் குரலில் சொல்லவேண்டும். சாதாரணக் குரலில் அவள் அண்ணனிடம் மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"அண்ணா, நான் கீழ முடியாதுன்னுதான் கத்தினேன்."

"எது முடியாது?"

"அட்டைல இருக்கற மூணும்."

அண்ணன் கனிவாகச் சிரித்தார். "சத்தத்துல உனக்குச் சரியா விளங்கியிருக்காது. இரு, திரும்பப் படிக்கறேன்."

"வேணாம். நானே படிச்சேன். ஸ்கூல மூட மாட்டேன். மாடி ரூமுக்கு வர மாட்டேன். காரக் குடுக்க மாட்டேன்." மூன்றாவதற்கு வந்தபோது குரல் உடைந்தது. உடைந்தாலும் வெளியே வந்துவிட்டது.

"இது தீர்மானம் குட்டி. குடும்பம் எடுத்த தீர்மானம்."

"நான் எப்ப எடுத்தேன்?"

"எல்லாருக்கும் போயாச்சு. சித்தப்பா வரைக்கும் வாழ்த்திட்டார். இப்ப மாத்திச் சொன்னா என் மரியாதை என்ன ஆகறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணா. நான் கார் ஓட்டத்தான் கத்துக்குடுக்கறேன்."

அண்ணனின் காது சிவந்தது. "என்ன பெரிய கத்துக்குடுக்கறே? நாலு பேருக்குக் கியர் போடச் சொல்லிக்குடுத்தா அது ஒரு சாதனையா?"

"மூவாயிரம் பேர். அதுல ரெண்டு பேர் உங்க ஆபீஸ் டிரைவருங்க. இத்தனை வருஷம் உங்களப் பத்திரமா வீட்டுல கொண்டுவந்து விட்டது அவங்கதான்."

"அண்ணிய நெனச்சுப் பாத்தியா? அவ முட்டி..."

"என் முட்டிய எதுக்கு இழுக்கறீங்க?" என்றாள் அண்ணி பெஞ்சிலிருந்து. பிஸ்கட் பொட்டலத்தை மடித்து வைத்தாள். "டாக்டர் தினமும் நடங்கன்னார். நடக்கறேன். ஆளு வேணும்னு நான் கேட்டேனா? அந்த அட்டைல என் முட்டி இருக்குன்னே எனக்கு இப்பதான் தெரியும். இன்னும் என்ன இருக்கு அதுல? கார் யாருக்குப் போகுது?"

"என் பொறுப்பில் வைக்கப்படும்" என்றார் அண்ணன், அட்டையின் மொழியிலேயே.

"உங்க பொறுப்புலயா! குட்டி கால் மட்டும் அந்தப் பக்கம் இல்லேன்னா இந்நேரம் நாம ஆத்துல மிதந்திருப்போம். மூணு மணி நேரமா அவ காலத்தான் பாத்துட்டு வந்தேன், சாமியப் பாக்கற மாதிரி."

சின்ன அண்ணனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக எந்தப் பக்கம் பார்த்து ‘சரிதான்’ சொல்வது என்று தெரியவில்லை. போனைப் பார்த்தார். குட்டி அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாருக்கும், குட்டி பேசறேன். அது சந்தோஷம் இல்ல, கோபம். நான் எதையும் ஏத்துக்கல. ஸ்கூல் நடக்கும். திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு கிளாஸ் இருக்கு. வாழ்த்து சொன்னவங்க வாபஸ் வாங்கிக்கலாம்."

அனுப்பினாள். மணி நின்றது. இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது அந்தக் குழுவின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

"சாவியக் குடுங்கண்ணா."

"நான்தான் ஓட்டிட்டு வந்தேன். நான்தான் ஓட்டிட்டுப் போவேன்."

குட்டி கையை நீட்டினாள். ஈரம் முழங்கையிலிருந்து சொட்டியது. எந்தக் குரலில் கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்த குரல் ஒன்றுதான் இருந்தது. கிளாஸ் முடிந்ததும் தினமும் பேசுகிற குரல்.

"வண்டிய நிறுத்தியாச்சு. சாவிய எடுத்து மிஸ் கைல குடுத்துட்டு எறங்கிக்கலாம்."

அண்ணனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்தோரு வருடம் மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை ஒரு நாளும் தாமதப்படுத்தாத கை அது. மேலிடம் எது என்று நின்று விசாரித்துப் பழக்கமில்லை. சாவி குட்டியின் உள்ளங்கையில் விழுந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெகு கம்பீரமாக, காரின் பின்கதவருகே போய் நின்றார். பூட்டியிருந்தது.

குட்டி காரை நோக்கி வரவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"எங்க போற? கெளம்ப வேணாமா?"

"நான் இன்னும் அருவியவே பாக்கலண்ணா. நீங்க படிச்சிட்டு இருந்தீங்க."

"அப்ப நாங்க என்ன பண்றது?"

"நில்லுங்க."

அண்ணி மறுபடி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள். "மெதுவா வா குட்டி. ஒண்ணும் அவசரமில்ல."

கூண்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மறுபடியுமாம்மா? போங்க, போங்க. டிக்கெட் இன்னிக்குப் பூரா செல்லும்."

இருநூற்றுப் பதினான்கு படி. கெண்டைக்கால் வலித்தது, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கீழ் மேடையில் இப்போது யாருமில்லை. ஓரம் வரை போய் நின்றாள். முகத்தில் சாரல் அறைந்தது, துடைக்கவில்லை. உச்சியில் தண்ணீர் பாறை விளிம்புக்கு வரும்போது பச்சையாக, கண்ணாடி போல வளைவதையும், வளைந்த மறு நொடியே வெள்ளையாகக் கிழிவதையும் பார்த்தாள். ஒரு தடவை அல்ல. வளைவதிலிருந்து மோதுவது வரை ஒரே தண்ணீரைக் கண்ணால் பிடித்துத் தொடர முயன்றாள். ஒவ்வொரு தடவையும் பாதியில் தவறவிட்டாள். தவறவிட்டதும் மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள்.