மடக்கி வைத்த கத்தி

அண்ணன் எதிர்த்தெரு சலூனில் முடி வெட்டிக்கொண்ட செய்தியை அண்ணிதான் போனில் சொன்னாள், தயங்கித் தயங்கி. தங்கைக்குக் கல்யாணமான நாள் முதல், சொந்தமாக சலூன் வைத்திருக்கும் அவள் கணவனின் கத்தரி தவிர வேறு கத்தரி படாத தலை அது.

சாப்பிட உட்கார்ந்த கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தப்பா ஒண்ணும் இல்ல. இயேசுவைப் பத்தித்தான். ஒரு நாள் பாவம், ஒரு நாள் நரகம்..."

"எப்போ? சவரம் பண்ணும்போதா?"

"அப்பதானே மச்சான் குறுக்க பேசாம கேப்பாரு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு மனந்திரும்புறியான்னு கேட்டா, மனுஷன் என்னங்க பதில் சொல்வான்? நானும் உங்களோட அதே சபைக்குத்தான் வர்றேன். அண்ணனும் வரணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன். வீட்டுப் பக்கம் வந்து ரெண்டு மாசமாச்சு."

அவன் பாதிச் சாப்பாட்டோடு கை கழுவ எழுந்தான்.

அடுத்த வாரம் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டான். எலெக்ட்ரீஷியனுக்குக் கைதானே பிழைப்பு. பார்க்கக் கிளம்பும்போது கணவன் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டான். அவள் முறைத்தாள்.

"ஒரு வார்த்தை பேச மாட்டேன். போதுமா?"

தோள்வரை மாவுக்கட்டும் முகமெல்லாம் தாடியுமாக உட்கார்ந்திருந்த அண்ணன், பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "வா மாப்ள, ஆரம்பி. கைதான் ஒடஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு."

"காதுல எனக்கு வேலை இல்ல மச்சான். தாடையைத் தூக்குங்க."

கட்டுப் போட்ட கைக்கு அடியில் தலையணையை வைத்துவிட்டு, கணவன் நுரை பூசினான். இதோ வரப்போகிறது என்று காத்திருப்பவன்போல் அண்ணன் கண்களை மூடவே இல்லை. ஒரு கன்னம் முடிந்தது. பிரசங்கம் வரவில்லை. கத்தியைத் துடைக்க அவன் திரும்பியபோது அண்ணனின் குரல் இறங்கியது.

"மாப்ள... இந்தக் கை பழையபடி ஆகலைன்னா நான் என்ன பண்ணுவேன்? என் பொண்டாட்டிகிட்ட கூட சொல்லல."

கணவன் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு மெல்லச் சொன்னான்: "தினமும் கடை திறந்ததும் நீங்க உக்கார்ற நாற்காலில கை வச்சு, உங்களுக்காக ஜெபம் பண்றேன் மச்சான்."

"எப்பல இருந்து?"

"சபைக்குப் போக ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

"அடப்பாவி! வாய் ஓயாம அத்தன பேசினியே, இத மட்டும் சொல்லவே இல்லையே?" அண்ணனின் கண் கலங்கியது. "இப்பப் பண்ணு. நானும் கேக்கறேன்."

கணவன் அருகில் வந்தான். பாதி முகம் நுரையோடு அண்ணன் இடது கையை நீட்டித் தடுத்தான்.

"முதல்ல கத்திய மடக்கி வை."

கதவோரம் நின்றிருந்த அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கத்தி மடங்கும் சின்னச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அண்ணன் கண்களை மூடினான்.