நாற்பத்து மூன்று எழுத்துகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் சியாமளா லேப்டாப் முன் உட்கார்ந்துவிட்டால், கருங்குழியில் அந்தத் தெருவுக்கு இரண்டு கருத்து உண்டு. வரன் பார்க்கிறாள் என்பது ஒன்று. வருகிற வரனையெல்லாம் தட்டிக்கழிக்கிறாள் என்பது மற்றொன்று. பாவம், இரண்டுமே தப்பு. அவள் பஸ் பார்க்கிறாள்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம், கோவளம் வரை எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்லும் செயலியை அவளும் உலகநாதனும் சேர்ந்து எழுதினார்கள். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் திருத்திச் சேர்க்க அவரவர் லேப்டாப்பில் வைத்திருக்கும் ரகசியச் சாவி மட்டும் மூன்று பேரிடம்: இவள், பிற்பாடு வந்து சேர்ந்த சம்பத், உலகநாதன். உலகநாதன் வேலை மாறி புனேவுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. திருத்தம் செய்பவர் கூடவே ஒரு வரி குறிப்பு எழுத வேண்டும். அவன் ஒருமுறை எழுதினான்: "மழையில் கோவளம் பஸ் பத்து நிமிஷம் லேட். நானும்." அதை அவள் எத்தனை தடவை படித்திருப்பாள் என்று கேட்காதீர்கள்.

பழைய சர்வரிலிருந்து நிரல் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும். அதனால் இந்த வாரம் அவளும் சம்பத்தும் வேகமும் பத்திரமுமான புது சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். மாற்றியதுமே அது சிவப்பில் எச்சரித்தது: உலகநாதனின் சாவி ஒரு வருஷமாகச் சும்மா கிடக்கிறது, எடுத்துவிடவும்.

"எடுத்துடு சியாமளா," என்றான் சம்பத் போனில். "ஆளே காணோம், சாவி மட்டும் இன்னாத்துக்கு? எவனாவது அத்த வெச்சி உள்ள பூந்தா பேஜாரு."

"அவனக் கேக்காம எப்டி எடுக்கறது?"

"கேளேன். நானா வாணான்றேன்? இதுக்குத்தான காத்துகினு கீற."

ஆறு வரி எழுதி, ஐந்தை அழித்து, "அந்தச் சாவி இன்னும் வேணுமா?" என்று மட்டும் அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "பழைய லேப்டாப் போச்சு. இது புதுச் சாவி. சேர்த்துடு." ஒரு சௌக்கியமா கிடையாது, ஒன்றும் கிடையாது.

சேர்த்திருக்கலாம். ஆனால் மெசேஜில் வரும் சாவியை நம்பக்கூடாது. ஒவ்வொரு சாவிக்கும் உள்ள அடையாள எழுத்துகளை ஆள் போனில் தன் குரலில் படிக்க, ஒத்துப்பார்த்த பிறகே சேர்க்க வேண்டும் என்று விதி. விதியை எழுதியவள் சியாமளா. புனே ரயில் கிளம்பிய மறுவாரம் எழுதினாள். நமக்கென்ன.

கூப்பிட்டாள்.

"சொல்லு," என்றான் உலகநாதன். அதே குரல், கொஞ்சம் ஜலதோஷத்தோடு.

"அடையாளத்தப் படி. நாப்பத்து மூணு எழுத்தும்."

"கடைசி ஆறு போதாது?"

"ரூலு."

படித்தான். இருபதாவது எழுத்தில் நிறுத்தி, அங்கே யாரிடமோ, "வரேன், நீ சாப்புடு," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தான். திரையில் ஒவ்வொன்றும் ஒத்துப்போனது, கடைசி எழுத்துவரை.

"சரியா?"

"நடுவுல ஒண்ணு வுட்டுப்போச்சு," என்றாள் சியாமளா. "மொதல்லேந்து படி."