மூக்கில் வரைந்தது

ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து லைல் ஸ்ட்ரூப் கறுப்புப் பெயின்ட்டைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். போர் முடிந்த பிறகு ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்த குண்டுவீச்சு விமானம் அது. படைப்பிரிவில் மிஞ்சிய கிழவர்கள் தேடிப்பிடித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். மத்தியானம் திறப்பு விழா. விமானத்தின் மூக்கில் படம் ஒன்றுதான் பாக்கி. அந்தக் காலத்தில் படம் போட்டதும் லைலின் கைதான்.

"நீர்மூழ்கிக் கப்பல நல்லா நீளமாப் போடுய்யா. பேரப்பிள்ளைங்கல்லாம் வருது" என்றார் கீழே நின்ற டனவே. அன்று அதை ஓட்டிய கேப்டன்.

"எந்த நீர்மூழ்கி?"

"தெரியாத மாதிரி கேக்காத. நாம குண்டு போட்டது."

"அது திமிங்கிலம், கேப்டன். வாலு மிதந்ததப் பின்னாடி கூண்டுலேருந்து நான் பாத்தேன். நீங்களும் வளைச்சுத் திருப்பிப் பாத்தீங்க. தளத்துல நம்மள மீன்காரனுங்கன்னு கூப்பிட்டானுங்களே, மறந்துபோச்சா?"

"அத இப்ப எவன்யா சொல்லப்போறான்? எல்லாப் படைக்கும் ஒண்ணாவது கணக்குல இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

லைல் மறுபடி பெயின்ட்டைக் கலக்கினார். போரின்போது ஒரு குளிர்காலம் முழுக்க அட்லாண்டிக்கின் சாம்பல் தண்ணீரை வெறித்து வெறித்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். அலை, பனிக்கட்டி, கீழே ஊர்ந்துபோகும் சரக்குக் கப்பல்கள். விமானத்தைக் கண்டாலே எதிரி முங்கிவிடுவான். முங்கியவனால் கப்பலைத் துரத்த முடியாது. இவர்கள் தலைக்கு மேல் சுற்றிய நேரத்தில் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஒருமுறை கப்பல் சமையல்காரன் ஒருவன் சட்டியைத் தூக்கி ஆட்டினான். நடக்காமல் போனதை எப்படி வரைவது?

"நமக்குக் கரை சேந்த கப்பலெல்லாம் இருக்கு. பக்கத்துல ஒரு பொய்யப் போட்டா, அதையும் எவனும் நம்பமாட்டான்" என்று தூரிகையை முக்கினார்.

"பிடிவாதம் பிடிச்ச கழுத!" டனவே கைத்தடியைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் திரும்பியபோது நாற்காலிகள் நிரம்பத் தொடங்கியிருந்தன. மூக்கில் கொழுத்த திமிங்கிலம் ஒன்று, தலைமேல் துளியூண்டு நீர்ப்பீச்சலோடு. டனவே அண்ணாந்து நெடுநேரம் பார்த்தார். வாயோரம் துடித்தது.

"இது என்னய்யா, கொசு மூத்திரம் மாதிரி? இவ்வளவுதான் பீச்சியிருந்தா நான் ஏமாந்திருப்பனா? எறங்கு. பிரஷ்ஷக் குடு."

"உங்க முழங்கால் தாங்காது கேப்டன்."

"ஏணியப் பிடிடா."

லைல் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. மேலே கேப்டனின் கை எட்டும் மட்டும் நீண்டு, விமானி ஜன்னல்வரை தண்ணீரைப் பீச்சியடித்தது. லைலின் தொப்பியில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு விழுந்தது.